மெரான் பாடத்தொகுப்பு: ஓர் அத்தியாயத்துக்காக வாங்கலாம்

சதுரங்கத்தில் செமி ஸ்லாவ் தற்காப்பு என்ற தொடக்க முறையைக் கறுப்புக் காய்களின் பக்கமிருந்து கற்பிக்கும் காணொளிப் பாடத்தொகுப்பு ஒன்றை வாங்கி, இரண்டு மாதங்களாகப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி ஒரே அத்தியாயத்தில் வசூலாகிவிட்டது.

அது, 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன், கிராண்ட்மாஸ்டர் லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டம்; செமி ஸ்லாவின் மெரான் என்ற கிளையைச் சேர்ந்தது. பயிற்றுநர் பதினாறாவது நகர்த்தலில் காணொளியை நிறுத்தி, பலகையை நம்மிடமே விட்டுவிடுகிறார். ஆனந்தின் குதிரை இ5 கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குதிரை, ஜி4-இல் உள்ள மற்றொரு குதிரை, சி5 பிஷப், எஃப்8 யானை ஆகிய நான்கையும் வெள்ளை வெட்டலாம். ஆனால் டி4 சிப்பாய் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு கிடப்பதால் (விலகினால் சி5 பிஷப் ராஜாவைத் தாக்கும்) அந்தச் சிப்பாயால் இ5 குதிரையைத் தொட முடியாது. எஃப் சிப்பாய் வெட்டினாலோ, ராணி டி4-இல் செக் வைக்க, ராஜா மூலைக்கு ஒதுங்க, ராணி ஜி1-இல் தன்னைப் பலியிட, யானை அதை வெட்ட, குதிரை எஃப்2-இல் ஆட்டத்தை முடித்துவிடும். இதை நானே கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. விடையை உடனே சொல்லாத அந்தப் பொறுமைக்காகவே பயிற்றுநரைப் பாராட்டலாம்.

ஆனந்தின் இந்தத் திட்டம் 2012-இல் போரிஸ் கெல்ஃபாண்டுடன் அவர் ஆடிய உலகச் சாம்பியன்ஷிப்புக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதையும், கறுப்பின் இரு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவை நோக்கி நிற்கும் அமைப்பு 1907-இல் இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டீன் ரோட்லெவியை வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தை நினைவூட்டுவதையும் பயிற்றுநர் சுருக்கமாகச் சொல்கிறார். கடைசி நகர்த்தலாக ஆனந்தின் பிஷப் இ3-க்கு வந்து, எச்3 சிப்பாய்க்கு வெள்ளை ராணி தரும் பாதுகாப்பை அறுப்பதை மட்டும் விளக்காமல் கடந்துவிடுவது குறைதான்.

மற்ற அத்தியாயங்கள் இந்தத் தரத்தில் இல்லை. செமி ஸ்லாவின் இன்னொரு கிளையான போட்வினிக் வெறும் நகர்த்தல் பட்டியலாக ஓடுகிறது. கைபேசித் திரையில் காய்களும் மிகச் சிறியவை. கிளப் போட்டிகளில் ஓரளவு ஆடிப் பழகியவர்கள் கணினியில் பார்ப்பதானால் வாங்கலாம். இப்போதுதான் காய் நகர்த்தக் கற்பவர்களுக்கு இது உதவாது.