குடலிறக்கத்துக்கு ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா?

தொடை இடுக்கில் ஒரு வீக்கம். இருமினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹெர்னியாதான். ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா, வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்கிறார். வீட்டிலோ துளை போட்டுச் செய்வது புதுசு, அதனால் உசத்தி. கிழித்துச் செய்வது காசில்லாதவர்களுக்கு என்று முடிவாகிவிடுகிறது. இது சரியான கணக்கில்லை.

ஹெர்னியா என்பது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடல் போன்றவை வெளியே இறங்குவது. அந்த இடத்தை அடைக்க இரண்டிலும் வைப்பது அதே செயற்கை வலைதான். வயிற்றுச் சுவரின் எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஓப்பனில் இடுப்புக்குக் கீழே சாய்வாக ஐந்தாறு சென்டிமீட்டர் கீறி, இறங்கிய பையை உள்ளே தள்ளி, பலவீனமான சுவரின் முன்பக்கம் வலையைத் தைப்பார்கள். விரைக்குப் போகும் நாளம் வெளியே வர, வலையில் ஒரு வெட்டு விட்டு அதைச் சுற்றி மூடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டென்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் 1980களில் பரப்பிய முறை இது. அதற்கு முன் தசையை இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். இழுவையில் தையல் விட்டு மறுபடி இறங்குவது சகஜம்.

லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் அருகே ஒன்று, கீழே சின்னதாக இரண்டு என மூன்று துளைகள். கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்தி இடம் உண்டாக்கி, சுமார் 10க்கு 15 சென்டிமீட்டர் வலையைச் சுவரின் பின்பக்கம் விரிப்பார்கள். வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். ஓப்பனை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ, முதுகில் ஊசி போட்டோ முடித்துவிடலாம். இதயமோ நுரையீரலோ பலவீனமான பெரியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

வலியில் லேப்ராஸ்கோப்பிக்கே மதிப்பெண். முதல் வாரங்களில் வலி குறைவு, சில நாள் முன்னதாக வேலைக்குப் போகலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியும் ஓரளவு குறைவு. ஓப்பனில் கத்தி போகும் வழியிலேயே மூன்று நரம்புகள் ஓடுகின்றன. அதில் ஒன்று தையலில் மாட்டினாலோ தழும்பில் சிக்கினாலோ அந்த இடம் எரியும், மரக்கும். மறுபக்கம், லேப்ராஸ்கோப்பியில் குடலிலோ பெரிய ரத்தக் குழாயிலோ காயம் படுவது அபூர்வம்தான். பட்டால் பெரிய தொல்லை.

மறுபடி இறங்குமா என்பதற்கு, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும். முதல்முறை ஹெர்னியாவில் இரண்டு ஆண்டுக்குள் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் சுமார் 10 சதவீதம், ஓப்பனில் 4 சதவீதம். ஆனால் 250க்கு மேல் செய்து பழகியவர்களிடம் லேப்ராஸ்கோப்பியிலும் அது பாதியாகக் குறைந்தது. ஆகவே முறையைவிடக் கை முக்கியம். "இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் லேப்ராஸ்கோப்பிதான். அதே துளைகளில் இரண்டும் முடியும். பெண்களுக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் அவர்களுக்குத் தொடைப் பக்கம் ஒளிந்திருக்கும் இன்னொரு வகை ஹெர்னியாவையும் பின்பக்க வலை மூடிவிடும். ஓப்பனில் செய்து திரும்பியிருந்தால் தழும்பைத் தொடாமல் பின்னாலிருந்து போகலாம். லேப்ராஸ்கோப்பியில் செய்து திரும்பியிருந்தால் முன்னாலிருந்து. புராஸ்டேட்டை அகற்றிய அறுவை போன்ற பழைய தழும்பு அடிவயிற்றுக்குள் இருந்தால் ஓப்பனே பத்திரம். ஒரு பக்கம், முதல்முறை, சாதாரண ஹெர்னியா உள்ள ஆணுக்கு? பழகிய கை எதில் கிடைக்கிறதோ அது. நல்ல லேப்ராஸ்கோப்பி டாக்டர் இருந்து செலவும் கட்டுப்படியானால் அதைச் செய்யலாம். இல்லையென்றால் ஓப்பனுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. அதற்காகக் கடன் வாங்கி நகையை வைக்க வேண்டாம்.

அவசரமும் வேண்டாம். தொந்தரவே தராத சின்ன வீக்கமுள்ள ஆண்கள், டாக்டரின் பார்வையில் காத்திருக்கலாம். குடல் உள்ளே போக முடியாமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. பெண்களுக்கு இந்தச் சலுகை இல்லை, தள்ளிப்போடக் கூடாது. யாருக்காக இருந்தாலும், வீக்கம் உள்ளே போகாமல் கல்லுபோல் இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால் எந்த முறை என்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். அதை அழுத்தித் தள்ளிப் பார்க்காமல், எதுவும் சாப்பிடாமல், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.