நடமாடும் மருத்துவ வண்டியா, வீடியோ ஆலோசனையா?

மருத்துவம் எட்டாத மக்களிடம் எதைக் கொண்டுபோவது என்று குழம்புகிறவர்களுக்காக இது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டன் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே எழுதிவிட்டார்.

செலவு: வண்டிக்கு டிரைவர், டீசல், நர்ஸ், ரிப்பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். வீடியோ மலிவு, ஆனால் போனும் டேட்டாவும் நோயாளி தலையில் விழும்.

பரிசோதனை: வண்டியில் பிரஷர் பார்க்கலாம், தடுப்பூசி போடலாம், வயிற்றை அமுக்கிப் பார்க்கலாம். வீடியோவில் பேச்சும் படமும்தான், அதிலும் கருத்த தோலில் வரும் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ பழுப்பாகவோ இருக்கும், வெளுத்த தோல் படங்களையே பார்த்துப் படித்த டாக்டர் மங்கலான திரையில் அதைத் தவறவிடலாம்.

மொழி: இதில் வீடியோதான் ஜெயிக்கிறது. எங்கோ இருக்கும் மொழிபெயர்ப்பாளரை மூன்றாவது ஆளாகச் சேர்க்கலாம். அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பத்து வயதுப் பையன் நெளிந்துகொண்டே சொல்ல வேண்டியதில்லை.

நேரம்: வண்டி பகலில் வந்தால் தினக்கூலிக்காரர் வேலையில் இருப்பார்.

சரி, கர்ப்பிணிகள், குழந்தைகள், போன் பழகாத முதியவர்கள் என்றால் வண்டி. சர்க்கரை, மனநலம் மாதிரி அடிக்கடி பேச வேண்டியவற்றுக்கு, கையில் போன் இருந்தால், வீடியோ. பணம் இருந்தால் வண்டிக்குள்ளேயே ஒரு திரையை மாட்டிவிடுங்கள்.