சவ்வூடுபரவல் சோதனைப் பெட்டி: யூரியா குப்பிக்காகவே வாங்கலாம், கையேட்டை நம்பி வாங்காதீர்கள்

மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். சவ்வூடுபரவல், அதாவது அணுவின் சவ்வு வழியே நீர் உள்ளும் புறமும் நகர்வது பற்றிய பாடம் வந்தால் கரும்பலகையில் மூன்று வட்டம் வரைவேன்: சுருங்கிய சிவப்பணு, இயல்பான சிவப்பணு, வெடிக்கப்போகும் சிவப்பணு. பல ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டன. இந்த முறை எனக்கே வெட்கமாகி, ஒரு சோதனைப் பெட்டியை வரவழைத்தேன்.

உள்ளே உறையாதபடி பதப்படுத்திய செம்மறி ஆட்டு இரத்தம், கரைசல் குப்பிகள், சோதனைக்குழாய்கள், எழுத்துகள் அச்சிட்ட ஓர் அட்டை. அந்த அட்டைதான் பெட்டியிலேயே புத்திசாலித்தனமான பொருள். அணுக்கள் முழுசாக இருக்கும்வரை குழாய் கலங்கலாக இருக்கும், பின்னால் பிடித்த அட்டையைப் படிக்க முடியாது. அணுக்கள் வெடித்து ஹீமோகுளோபின் வெளியேறியதும் திரவம் சிவந்த கண்ணாடிபோலத் தெளிந்து எழுத்து தெரிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் உடனே தெரிந்தது. 0.9 சதவீத உப்புநீரில் கடைசிவரை தெரியவில்லை. 3 சதவீத உப்பில் அணுக்கள் சுருங்கி முள்முள்ளாகும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், பெட்டியில் ஒரு கண்ணாடித் தகடுகூட இல்லை.

அடுத்து 1.8 சதவீத யூரியா. “ஐசோடானிக் கரைசல், மாற்றம் இருக்காது” என்கிறது கையேடு. அதாவது அணுவுக்குள் நீர் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சில விநாடிகளில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது! குப்பி மாறிவிட்டதோ என்று மீண்டும் செய்தோம். அதே கதைதான்.

தவறு கையேட்டினுடையது. லிட்டருக்கு எத்தனை துகள்கள் என்று எண்ணினால் இந்த யூரியாவும் 0.9 சதவீத உப்பும் ஏறத்தாழ சமம், இரண்டும் 300 மில்லி ஆஸ்மோலை (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) ஒட்டியவை. ஆனால் உப்பு வெளியே நிற்கும். யூரியாவுக்கோ சவ்வில் தனி வாசலே உண்டு. அது உள்ளே புகுந்து இருபுறமும் சமமானதும், ஏற்கெனவே உள்ளிருக்கும் ஹீமோகுளோபினும் அயனிகளும் நீரை இழுக்கின்றன, அணு வெடிக்கிறது. பக்கத்திலேயே 10.3 சதவீத சுக்ரோஸ் குப்பி இருக்கிறது. அதே துகள் கணக்கு, ஆனால் சுக்ரோஸ் நுழையாது, குழாய் கலங்கலாகவே நின்றது. இரண்டையும் அருகருகே நிறுத்தியபோது வகுப்பில் கடைசி வரிசையும் எழுந்து வந்தது. 1982இல் ஒருவரின் சிவப்பணுக்கள் 2 மோலார் யூரியாவிலும் எளிதில் வெடிக்காததை ஆய்வகத்தில் கவனித்தார்கள். சிவப்பணுச் சவ்வில் இருக்கும் கிட் (Kidd) என்ற இரத்தவகைப் புரதம் அவரிடம் இல்லை. அந்தப் புரதம்தான் யூரியாவின் வாசல் என்பது பிறகு தெளிவானது. இதைச் சொல்ல நல்ல வாய்ப்பு கிடைத்தது.

இன்னொரு குளறுபடி: கையேட்டின் எண்களெல்லாம் மனித இரத்தத்துக்கு உரியவை, குப்பியில் இருப்பதோ ஆடு. மனிதச் சிவப்பணு 0.5 சதவீத உப்பை ஒட்டித்தான் வெடிக்கத் தொடங்கும். அளவில் சிறிய ஆட்டு அணு அதைவிட அதிக உப்பிலேயே உடைகிறது. கிளிசராலில் நேர்மாறு. மனித அணு விரைவில் வெடிக்கும், ஆட்டு அணுவுக்குள் கிளிசரால் மெதுவாகவே நுழையும். நாங்கள் காத்திருந்து காத்திருந்து மணியடித்துவிட்டது. நிறுவனத்துக்கு எழுதினேன். “கையேட்டைப் பின்பற்றவும்” என்று பதில் வந்தது.

வாங்குவதானால் பாடத்துக்குச் சில நாட்கள் முன்பு வாங்குங்கள். இரண்டாம் வாரத்தில் எங்கள் இரத்தம் குளிர்பெட்டியிலேயே சிதையத் தொடங்கி, உப்புநீர்க் குழாய்கூட இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. குளிரில் பனிக்கட்டியாக உறைய மட்டும் விட்டுவிடாதீர்கள், எந்தக் கரைசலும் தேவைப்படாமல் அணுக்கள் அங்கேயே உடைந்துவிடும்.