டிரான்சிஸ்டர் லேடர் ஃபில்டர் கிட்: சுற்று சரி, சிக்கனம்தான் தவறான இடத்தில்

சின்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற லேடர் ஃபில்டரை (ஏணிப்படிகள்போல் அடுக்கிய டிரான்சிஸ்டர் ஜோடிகளால் ஒலியின் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் சுற்று) பின்பற்றி, நாமே சால்டர் செய்து முடிக்கும்படி விற்கப்படும் கிட் இது. நான்கு அடுக்குகளும் சேர்ந்து, கட்ஆஃபுக்கு (வடிகட்டல் தொடங்கும் அதிர்வெண்) மேலுள்ள ஒலியை ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம் குறைக்கின்றன. அச்சுப்பலகை நேர்த்தியானது, புதியவரும் தடுமாறாமல் முடித்துவிடலாம். சுற்றில் குறையில்லை, தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடித்த இடங்களில்தான் குறை.

உள்ளீடு எதுவும் தராமல், கட்ஆஃபைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தத்தை மட்டும் வேகமாக ஏற்றி இறக்கினால், வெளியீட்டில் 'டொப்' என்று ஓர் ஒலி எழுகிறது. லேடரின் இரு கிளைகளிலும் மின்னோட்டம் சமமாகப் பிரியாததே காரணம். கீழ் ஜோடியை அளந்தபோது, பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்களுக்கிடையே 4 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தது. வெப்ப மின்னழுத்தமே (மின்னோட்டம் சுமார் 2.7 மடங்காக உயரத் தேவையான மின்னழுத்தம்) ஏறத்தாழ 26 மில்லிவோல்ட்தான் என்பதால், அந்தச் சிறு வேறுபாட்டுக்கே ஒரு கிளை மற்றதைவிடச் சுமார் 17 சதவீதம் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். மலிவான டிரான்சிஸ்டர்களை மொத்தமாக வாங்கி, ஒரே வெப்பநிலையில் அளந்து, 1 மில்லிவோல்ட்டுக்குள் பொருந்தும் ஜோடிகளைக் கீழேயும் மேலேயும் வைத்தபின் அந்த ஒலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. நடு அடுக்குகளில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

ரெசொனன்ஸைக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே பின்னூட்டமாகத் திருப்பி, கட்ஆஃப் அருகிலுள்ள ஒலியைத் தூக்கிக்காட்டுவது) கூட்டும்போது அடிநாதம் மெலிவது இவ்வகைச் சுற்றின் பிறவிக்குணம். பின்னூட்டப் பெருக்கம் 4 ஆகும்போது ஃபில்டர் தானாகவே அலையத் தொடங்கும், அதாவது உள்ளீடின்றியே ஒலி எழுப்பும். அந்நிலையில் தாழ்ந்த அதிர்வெண்களின் அளவு ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 14 டெசிபெல், குறைந்துபோகிறது. ரெசொனன்ஸ் பொட்டென்ஷியோமீட்டருக்கு முன்பாகவே, பின்னூட்டத்திலிருந்து உள்ளீட்டின் ஒரு பகுதியைக் கழிக்கும்படி ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் இதை ஈடுகட்டலாம். பாதியளவு கழித்தால் இழப்பு சுமார் 4.4 டெசிபெல்லாகச் சுருங்குகிறது. முழுவதும் கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: ரெசொனன்ஸ் ஏறும்போது லேடருக்குள் செல்லும் சிக்னலும் வலுத்து, ஒலி கரடுமுரடாகிவிடுகிறது. (சிலருக்கு அதுவே பிடிக்கலாம்.)

கெப்பாசிட்டர்கள் எக்ஸ்7ஆர் என்னும் பீங்கான் வகை. மின்னழுத்தத்துக்கேற்ப அவற்றின் மதிப்பு மாறும் என்பதால், மதிப்பு நிலையாக இருக்கும் சி0ஜி (இதுவும் பீங்கான் வகையே) அல்லது பாலிஸ்டைரீன் போடுவது நல்லது.

வெப்பநிலை மாறினாலும் சுருதி விலகாமல் காக்கும் வெப்ப ஈடு ரெசிஸ்டர் கிட்டில் இல்லை. தானாக அலையும் ஃபில்டரைச் சுருதி சேர்த்து வாசிக்க விரும்புவோர், டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் மதிப்பு உயரும் ரெசிஸ்டர் ஒன்றைத் தனியே வாங்கி, எக்ஸ்போனென்ஷியல் கன்வெர்ட்டரின் (கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை லேடருக்கான மின்னோட்டமாக மாற்றும் பகுதி) டிரான்சிஸ்டர்களை ஒட்டியபடியே பொருத்த வேண்டும்.