லீவு இருந்தும் எடுக்காதவர்கள்: லாப்ஸ், காசு, அன்லிமிடெட், கட்டாயம் – எது வேலை செய்கிறது?

லீவு கணக்கில் நாள் நிறையக் கிடக்கும், எடுக்கத்தான் ஆள் இருக்காது. பல அலுவலகங்களில் இதுதான் நிலை. இதைச் சரிசெய்ய நிர்வாகங்கள் வெவ்வேறு வழிகளைப் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இந்த ஏற்பாட்டால் ஒருவர் வருஷத்தில் ஒரு வாரமாவது ஆபீஸ் போனைத் தொடாமல் நிம்மதியாக இருக்கிறாரா?

முதலில் எல்லாரும் அறிந்த இரண்டு. எடுக்காவிட்டால் லாப்ஸ், அதாவது அந்த நாட்கள் காலாவதியாகிப் போய்விடும்; அல்லது எடுக்காவிட்டால் காசு.

லாப்ஸ் முறையில் ஒரு பரபரப்பு வரும், அது உண்மை. ஆனால் எப்போது வரும்? வருஷக் கடைசியில். பாதி டீம் ஒரே மாதத்தில் லீவு கேட்கும், மேனேஜர் பாதிப் பேருக்கு முடியாது என்பார், கிடைத்தவர்களும் இங்கே ஒரு நாள் அங்கே ஒரு நாள் என்று பிய்த்து எடுத்துக் கணக்கைத் தீர்ப்பார்கள். யாரிடம் வேலை அதிகமாகக் குவிந்திருக்கிறதோ அவருக்குத்தான் அதிக நாள் பறிபோகும். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது? கலிபோர்னியாவில் சேர்ந்த லீவைச் சம்பளமாகவே சட்டம் பார்க்கிறது, அதனால் அங்கே லாப்ஸ் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2018 நவம்பரில் ஒரு ஜெர்மன் வழக்கில் தெளிவாகச் சொன்னது: லீவு எடுக்க ஊழியருக்கு உண்மையான வாய்ப்பு கொடுத்து, எடுக்காவிட்டால் போய்விடும் என்று முன்கூட்டியே தெரிவித்தால்தான் அது காலாவதியாகும், அப்படிச் செய்ததை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

காசாக்கும் முறையை நான் வெறுமனே திட்டமாட்டேன். பணத் தேவை இருப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஓய்வு எடுக்க வைக்கும் வழியாகப் பார்த்தால் இது நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது, ஏனென்றால் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்தான் முதலில் தன் ஓய்வை விற்பார். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றிய விதியில் குறைந்தபட்ச நான்கு வார லீவைக் காசாக மாற்ற முடியாது, வேலையை விட்டுப் போகும்போது மட்டும் விதிவிலக்கு. 1970ஆம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 132-ம் குறைந்தபட்சம் மூன்று வார லீவு என்று வைத்து, அதைப் பணத்துக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது அல்லது தடை செய்யப்பட வேண்டும் என்கிறது.

அடுத்தது அன்லிமிடெட் லீவு. கேட்க இனிப்பாக இருக்கும். எண்ணிக்கையே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதில்தான் மனம் கொதிக்கிறது. கணக்கு இருந்தால் “எனக்கு 12 நாள் பாக்கி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்” என்று தலைநிமிர்ந்து கேட்கலாம், கணக்கே இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தயவு கேட்பது போல ஆகிவிடுகிறது, பக்கத்து சீட்டுக்காரர் எத்தனை நாள் எடுத்தார் என்று பார்த்து அதைவிட ஒரு நாள் குறைவாகக் கேட்கிறோம். சேர்ந்த நாள் என்று எதுவும் இல்லாததால் வேலையை விடும்போது நிறுவனம் பணம் தரவும் பொதுவாகத் தேவையில்லை, ஆக லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 2015இல் இந்த முறையைக் கைவிட்டு, வருஷத்துக்கு 25 நாள் என்று எண்ணை மறுபடி கொண்டுவந்தது. நல்ல முடிவு.

போனஸ் கொடுத்து அனுப்புவதும் உண்டு. ஃபுல்கான்டாக்ட் என்ற நிறுவனம் 2012இல் லீவில் போகும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் 7,500 டாலர் அறிவித்தது. கண்டிப்பாகப் போக வேண்டும், ஆபீஸ் தொடர்பே கூடாது என்பது நிபந்தனை. சரி, கையில் பணம் இருக்கும் நிறுவனத்துக்கு நல்லதுதான், எல்லாராலும் முடியாது.

மொத்த ஆபீஸையும் ஒரு வாரம் மூடுவது இதைவிட எனக்குப் பிடிக்கும். லிங்க்ட்இன் 2021 ஏப்ரலில் செய்தது. யாருமே மெயில் அனுப்பாத வாரம் என்பதால் திரும்பி வந்தால் குவியல் இருக்காது. ஆனால் தேதி நம் கையில் இல்லை, மருத்துவமனை மாதிரி இடங்களில் நினைக்கவும் முடியாது.

கடைசியாக, கட்டாயக் குறைந்தபட்சம். என் ஓட்டு இதற்குத்தான். ஜப்பானில் 2019 ஏப்ரலிலிருந்து, 10 நாளோ அதற்கு மேலோ லீவு உள்ள ஊழியர் அதில் 5 நாளாவது எடுக்கும்படி பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் கடமை, தவறினால் ஓர் ஊழியருக்கு 3 லட்சம் யென் வரை அபராதம். ஐந்து நாள் கொஞ்சம்தான். இருந்தாலும் “நீ ஏன் எடுக்கவில்லை” என்ற கேள்வி “நீங்கள் ஏன் அனுப்பவில்லை” என்று திரும்புகிறது பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களைத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் கட்டாய லீவில் அனுப்பும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் மோசடி வெளியே வரும் என்பதற்காக. அங்கே மட்டும் மாற்று ஆள் எப்படிக் கிடைக்கிறார்? பணம் போய்விடும் என்ற பயம் இருந்தால் ஆளைத் தயார் செய்கிறார்கள், ஊழியர் சோர்ந்து விழுந்தால் போகட்டும் என்று விடுகிறார்கள்.

மாற்று ஆள் இல்லாவிட்டால் கட்டாயமும் தோற்கும், ஐந்து நாள் போய்விட்டு வந்து பத்து நாள் வேலையை ஐந்து நாளில் செய்ய வேண்டியிருக்கும். ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லர் 2014இல் ஒரு வழி காட்டியது: ஊழியர் விரும்பினால், லீவில் இருக்கும்போது வரும் மெயில் தானாக அழிந்துவிடும், அனுப்பியவருக்கு வேறு யாரைக் கேட்கலாம் என்று பதில் போகும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நீங்கள் மேனேஜராக இருந்தால், அடுத்த முறை லீவு அப்ரூவலுக்கு வரும்போது “அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவீர்களா” என்று கேட்காமல், “உங்கள் வேலையை யாரிடம் கொடுக்கட்டும்” என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் சொந்த லீவையும் இந்த வாரமே காலண்டரில் போட்டுவிடுங்கள், டீம் முதலில் அதைத்தான் பார்க்கும்.