பிரேசர் மலைக்கு 8×42 போதும்

மூக்குக் கண்ணாடி போட்டவனுக்கு, பறவை பார்க்க பைனாகுலர் வாங்குவது தலைவலி பிடித்த வேலை. கடையில் எதை எடுத்து வைத்தாலும் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும், சுற்றிலும் கறுப்பு. நான் வாங்கிய 8×42-இல் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்) அந்தத் தொல்லை இல்லை. விலை அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி. பிராண்டைச் சொல்லப் போவதில்லை, இந்த விலைக்குக் கிடைப்பவை பலவும் ஏறக்குறைய ஒரே ரகம்தான்.

கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது 10×42-ஐ. “பத்து மடங்கு பெருசா தெரியும் பாஸ்” என்பார்கள். என் மச்சான் அதில்தான் விழுந்தார். சரி, எது தேறுகிறது பார்ப்போம் என்று டிசம்பரில் ஒரு ஞாயிறு இருட்டோடு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பிரேசர் மலைக்குக் கிளம்பினோம். கோல குபு பாருவில் பசியாறிவிட்டு, சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டினால் அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு. 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் மச்சானால் இந்தப் பக்கம் வர முடியாது.

‘கேப்’ என்ற கணவாயிலிருந்து மேலே ஏறும் பழைய பாதை குறுகலானது. ஒரு காலத்தில் நேரம் வைத்து, ஏறும் வண்டிகளையும் இறங்கும் வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்ட பாதை. காலையில் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. கிளை நுனியில் சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மச்சான் பார்த்துவிட்டு “கறுப்பா ஏதோ இருக்கு” என்றார். என்னுடையதில் நெஞ்சின் ஆரஞ்சு நிறமும், கண்ணுக்குப் பின்னால் இருந்த குட்டி வெள்ளைக் கோடும் தெரிந்தன. முகிமாகி ஈப்பிடிப்பான், ஆண். சைபீரியா பக்கம் குளிர் வாட்டும்போது தெற்கே இறங்கிவரும் பறவை.

காரணம் கணக்கில்தான் இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். நல்ல வெயிலில் வித்தியாசமே தெரியாது, மேகத்துக்குள் நன்றாகவே தெரியும். அதோடு, பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. பல இனப் பறவைகள் கலந்த கூட்டம் மரத்துக்கு மரம் தாவிப் போகும்போது அண்ணாந்து துரத்திப் பாருங்கள், தெரியும். வெள்ளிக் காது மெசியாக்கள் ஒரு கூட்டமாக வந்தன. கருந்தலை, மஞ்சள் அலகு, கன்னத்தில் வெள்ளிப் பூச்சு. பார்வைப் பரப்பு அகலமாக இருந்ததால் ஒன்று நழுவினால் அடுத்தது மாட்டியது. மச்சான் பெரும்பாலும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஐ ரிலீஃப், அதாவது காட்சி முழுதாகத் தெரிய கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற தூரம். 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். இதில் 17. ரப்பர் வளையத்தைக் கீழே திருகிவிட்டால் போதும்.

குறையும் உண்டு. ஃபோகஸ் சக்கரம் கனம். சாக்கடை ஓரம் வாலை ஆட்டிக்கொண்டிருந்த சாம்பல் வாலாட்டிக் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ‘வுஷ் வுஷ்’ என்று இறக்கைச் சத்தம். இருவாச்சி! திருகினேன், திருகினேன், பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயே விட்டது. மச்சான் வெறுங்கண்ணாலேயே கொம்பைப் பார்த்துவிட்டார். அன்று முழுக்க அதையே சொல்லிக் காட்டினார். வாரும் கழுத்தை அறுக்கிறது, வேறு அகலமான வார் வாங்கி மாட்டிவிட்டேன்.

உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் உள்பக்கம் ஆவி பிடிக்காது. வெளிக்கண்ணாடிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. காரில் ஏர்கோனில் குளிர்ந்து, ஈரக்காற்றில் இறங்கியதும் புகை மூடிவிடும். கேப்பிலேயே ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

கடையில் சோதிக்கும்போது பளிச்சென்ற விளக்கடியில் பார்க்காதீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல், வாசலில் நின்று எதிர்க் கடைகளின் ஐந்தடியில் (கடை முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதை) இருட்டு மூலையைப் பாருங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.