சேற்றில் ஓடிய ஜீப்பை எங்கே கழுவுவது: வாட்டர் சர்வீஸா, வீட்டு ஹோஸா, சானலா?

ஆனி, ஆடிச் சாரலில் குமரி மாவட்டத்து அருமனை, களியல் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் ஜீப்பை இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு ஓட்டுவதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. கழுவுவதில்தான் தகராறு. வாட்டர் சர்வீஸில் விட்டுவிடு என்பார் ஒருவர். வீட்டிலேயே ஹோஸைப் பிடி என்பார் இன்னொருவர். வருகிற வழியில் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், இறக்கினால் வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். வண்டி எவ்வளவு பளபளக்கிறது என்று பார்த்து இதைத் தீர்க்க முடியாது. எந்த இடத்தில் சேறு மிச்சமாகிறது, எந்த இடத்துக்குள் தண்ணீர் புகுகிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

சானலை முதலில் தள்ளிவிடலாம். பட்டணங்கால் சானலில் ஆட்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். அதில் ஆயிலையும் கிரீஸையும் கலப்பதே தப்பு. வண்டிக்கும் கேடுதான். மேடு ஏறி இறங்கிய வண்டியின் டிஃப்ரன்ஷியல், அதாவது அச்சின் நடுவில் ஆயிலோடு இருக்கும் பல்சக்கரப் பெட்டி, நல்ல சூட்டில் இருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் சேற்றில் அடைத்துக் கிடந்தால் வெளிக்காற்று வர வழியில்லை, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் டீ மாதிரி வரும். அதை மாற்றாமல் ஓட்டினால் பேரிங்கும் கிரவுன் வீலும் தேய்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது இரண்டு. வாட்டர் சர்வீஸின் முதல் பலம் பிரஷர் கன் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே இருக்கும் லிஃப்ட்தான். வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பாகத்தை நின்றுகொண்டே பார்க்கும் வசதி வீட்டில் கிடைக்காது. கன் இருபுறமும் வெட்டும் கத்தி. மொட்டைமாடி டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் வருவது 1 பார் அழுத்தம்தான். கன்னில் 100 பாரை ஒட்டி வரும். மட்கார்டுக்குள் காய்ந்து ஒட்டிய செம்மண்ணை அது பெயர்த்துவிடும், மறுப்பதற்கில்லை. அதே கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூ.ஜே. கிராஸிலும் சக்கரத்தின் ஹப் சீலிலும் அடித்தால், வெளியே இருந்த மணல் கிரீஸுக்குள் போய் உட்காரும். ரேடியேட்டர் ஃபின்கள் மடங்கும். ஆல்டர்னேட்டருக்குள்ளும் ஒயர் கப்ளர்களுக்குள்ளும் தண்ணீர் போகும். மழை நேரத்து அவசரத்தில் பையன்களிடம் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர் இதையெல்லாம் கவனிக்கப்போவதில்லை. கூடவே நின்று, "தம்பி, ஹப்புல அடிக்காத, ரேடியேட்டர் பக்கம் வேண்டாம்" என்று சொல்கிறவருக்கு வாட்டர் சர்வீஸ் நல்லது.

வீட்டில் கழுவ டேங்க் தண்ணீர் போதாது. கிணற்று மோட்டாரை நேரே ஹோஸில் கொடுக்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுவது. சேறு ஊறித் தானாகவே கரைந்து விழும். எந்த சீலுக்குள்ளும் எதுவும் திணிக்கப்படாது. ஒரே நிபந்தனை, வந்த அன்றே செய்துவிட வேண்டும். நம் செம்மண்ணில் களி அதிகம். காய்ந்துவிட்டால் ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவே செங்கல் துண்டாக நிற்கும், அடுத்த ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவினால் அது வந்த வழியே திரும்பிப் போகும்.

ஹோஸ் பிடிக்கும்போது கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. சேஸிஸின் மேல்விளிம்பு, டீசல் டேங்குக்கு மேலே உள்ள இடுக்கு, பம்பரின் உட்புறம், லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டும் கிளிப். சேஸிஸில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். அடைத்த ஓட்டைக்கு மேலே தேங்கும் ஈரச் சேறுதான் சேஸிஸைத் தின்கிறது.

கடற்கரைக்குப் போனால் கணக்கு மாறும். மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது. பிரேக்குக்குள் அது போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உப்பு வேறு. இதற்கு அழுத்தத்தைவிட நிறைய நல்ல தண்ணீர்தான் வேண்டும், ஆகவே ஸ்பிரிங்க்ளர்தான் என் தேர்வு. ஆனால் கரையோர ஊர்களில் பல வீட்டுக் கிணறுகளே உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரால் கழுவுவதைவிட உள்ளே தள்ளி நாகர்கோவில் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸில் நிறுத்துவது மேல்.

இரண்டு வழியிலும் தீராத ஒன்று டிரம் பிரேக். டிஸ்க்கில் பேட் சீக்கிரம் தேயும், ஆனால் மண் தங்காது. தண்ணீர் பட்டால் போய்விடும். டிரம்முக்குள் புகுந்த சேறு அங்கேயே இருந்து பிரேக் லைனரையும் டிரம்மையும் சேர்த்து அரைக்கும். வெளியிலிருந்து எவ்வளவு பீய்ச்சினாலும் பலனில்லை, கழற்றித்தான் துடைக்க வேண்டும். பழைய ஜீப்பில் நாலு சக்கரமும் டிரம், மஹிந்திரா தாரில் பின்னால் மட்டும். கழுவி முடித்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி, லேசாக பிரேக் பிடித்துக் காயவைக்கும்போது கறகறவென்று சத்தம் வந்தால் மறுநாளே கழற்றிவிட வேண்டியதுதான்.

கடைசியில் வருகிறது வேஸ்ட் ஆயில். கழுவியதும் அடியில் பழைய இன்ஜின் ஆயிலை ஸ்பிரே செய்வது பல இடங்களில் வழக்கம். துரு கொஞ்சம் தள்ளிப்போகும், சரி. ஆனால் ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், தூசி ஒட்டும், லைனரில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. மழையில் சொட்டுவதெல்லாம் நம் மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான். அடிப்பாகத்தில் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங் புது வண்டிக்குச் சரி. துரு ஏறிய சேஸிஸின் மேல் அடித்தால் கல்பட்டுப் பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து, துரு கண்ணில் படாமல் உள்ளே வளரும். அந்தப் பணத்துக்கு ஒரு கிரீஸ் கன் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கழுவியதும் கிரீஸ் ஏற்றும் ஒவ்வொரு நிப்பிளையும் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். வெளியே வரும் முதல் கிரீஸ் துருச் சிவப்பாக இருந்தால் அந்த இடத்தில் சீல் போய்விட்டது, அல்லது கிராஸ் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.